நிலத்திலிருந்து எழும்புதல்

சாய்ந்தமருதில், கடற்கரை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் றபீக்கா, பெண்கள் உடுப்புக்கு மேலே போடும் அபாயா தைக்கிறாள். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு கரண்ட் மெஷின், சுனாமிக்குப் பிறகு கிடைத்த ஒரு மிதி மெஷின், சுவரோரம் சுருட்டி நிறுத்திய கறுப்புத் துணிகள். கறுப்பிலும் பல கறுப்புகள் இருக்கின்றன. மினுங்குவது, மினுங்காதது, இரண்டு தரம் கழுவியதும் மண்ணிறம் காட்டுவது. வருகிறவர்களுக்கு அவள் துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துக் காட்டுவாள். அதன் பிறகுதான் விலை பேசுவாள்.

துணியை நிலத்தில் பாய் விரித்து வெட்டுவது அவள் வழக்கம். மேசையில் வெட்டினால் தொங்கும் பக்கம் இழுபட்டு அளவு பிசகும் என்பது அவளுடைய கட்சி. முழங்காலில் நின்று, பாதி குந்தி, பக்கவாட்டில் நகர்ந்து வெட்டிக்கொண்டே போவாள். வெட்டி முடித்ததும் எழும்புவாள். எழும்புவதை ஒரு வேலையாக அப்போதெல்லாம் அவள் நினைத்ததில்லை.

அவளுக்கு இன்னொரு இடமும் இருந்தது. ஒழுங்கையின் கோடியில் பெண்கள் தொழும் தைக்கா. பின்னேர அஸர் தொழுகைக்கும், நோன்பு மாதத்தின் தறாவீஹ் தொழுகைக்கும் அங்கே அவள்தான் தொழுவிப்பாள். பெண்களுக்குத் தொழுவிக்கும் பெண் முன்னால் தனியே நிற்பதில்லை. வரிசையின் நடுவில், மற்றவர்களோடு தோள் முட்ட நிற்பாள். றபீக்காவின் ஓதல் அவசரமில்லாதது. அது தங்களுக்கு விளங்குவதுபோல் இருக்கிறது என்று அறபு தெரியாத பெண்கள் சொல்வார்கள்.

ஒரு நாள் அபாயா ஒன்றை வெட்டி முடித்து எழும்பப் பார்த்தாள். வலது முழங்கால் சம்மதிக்கவில்லை. மிதி மெஷினின் காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். அடுத்த வாரம் மெஷினின் கால் போதவில்லை. கணவர் சீனிமுகம்மது இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கினார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார். நோவுக்குக் குளிசை கொடுத்தார். எடையைக் குறைக்கவும் கதிரையில் இருந்து தொழவும் சொன்னார்.

இருந்து தொழுகிறவர் மற்றவர்களுக்குத் தொழுவிக்கலாம், அதில் குறையில்லை என்று சீனிமுகம்மது மௌலவியிடம் கேட்டு வந்து சொன்னார். றபீக்கா அப்படியே செய்தாள். வரிசையின் நடுவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை. அவள் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னதும் இரு பக்கமும் பெண்கள் ஸுஜூதுக்குப் போனார்கள். எல்லோருடைய நெற்றியும் நிலத்தில் இருந்தது. எல்லோருடைய முதுகுக்கும் மேலே அவள் தலை மட்டும் நின்றது.

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. அடுத்த நாள் கதிரையை மூலைக்கு நகர்த்தினாள். நடுவில் சுல்பிகா நின்றாள். சுல்பிகா சீனிமுகம்மதின் தங்கை, பக்கத்து வளவு. கல்முனை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளைப்போலத் தொழுவிப்பாள்.

அந்த வருட நோன்பு மாதம் முழுவதும் றபீக்கா மூலையில் இருந்து தொழுதாள். பெருநாளுக்குப் பிறகு, அடுத்த நோன்பு வருவதற்குள் நெற்றியை நிலத்தில் வைத்து, எவருடைய கையையும் பிடிக்காமல் எழும்ப வேண்டும் என்று முடிவெடுத்தாள். யாருக்கும் அதைச் சொல்லவில்லை.

*

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பகுதி நீளமான ஓர் அறை. நடுவில் ஒரு திரை. திரைக்கு அப்பால், ஒரு பக்கம் இழுத்துப்போன முதியவர் ஒருவர் கம்பியைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் ஒவ்வொரு அடியையும் ஆமோதித்து "ஓம், ஓம்" என்றான்.

இங்கே பொறுப்பாக இருந்தவள் கிருசிகா. பாண்டிருப்பில் ஒரு சைவக் குடும்பத்துப் பிள்ளை. நீளக் காற்சட்டை போட்டு, தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"கதிரையில இருந்து எழும்பிக் காட்டுங்க உம்மா."

றபீக்கா இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றினாள். முழங்கால்கள் முன்னால் போயின. முதுகு வளைந்தது. மூச்சை அடக்கி எழும்பினாள்.

கிருசிகா முழங்காலுக்கு மேலே விரல்களை வைத்துப் பார்த்தாள். "நாலஞ்சு பேர் சேர்ந்து தூக்குற சாமான இவர் தனியத் தூக்குறார்."

"மத்தவங்க எங்க போய்ட்டாங்க?"

"அதத்தான் நானும் தேடுறன்."

கிருசிகா ஒவ்வொருவராகக் காட்டினாள். தொடையின் முன்பக்கத் தசை முழங்காலை நிமிர்த்துகிறது. பின்பக்கத்தில் இருக்கும் பெரிய தசை இடுப்பை நிமிர்த்துகிறது. உடம்பிலேயே பெரிய தசை அதுதான். தொடையின் பின்பக்கம் அதற்குத் துணை. கெண்டைக்கால், முன்னால் சரியப் பார்க்கும் காலைப் பிடித்துவைக்கிறது. இடுப்பின் இரு பக்கமும் உள்ள தசைகள் முழங்கால்கள் உள்ளே மடியாமல் பார்த்துக்கொள்கின்றன. வயிறும் முதுகும் முன்னும் பின்னுமாக நின்று நடு உடம்பைத் தடிபோல் வைத்திருக்கின்றன.

"எல்லாரும் ஒரே நேரத்தில வேலை செய்யணும். ஆள் மாறி ஆள் இல்ல."

"தொடைக்கு முன்னால இழுக்கிறதும் பின்னால இழுக்கிறதும் ஒரே நேரத்திலயா? ஒண்ட ஒண்டு எதிர்க்காதா மிஸ்?"

"நல்ல கேள்வி. எதிர்க்கும். அந்த எதிர்ப்புத்தான் மூட்ட ஆடாமப் பிடிக்குது."

றபீக்கா கொஞ்சம் யோசித்தாள். "மெஷின்ல மேல் நூலும் கீழ் நூலும் மாதிரி."

"எனக்குப் பொத்தான் தைக்கவும் தெரியா. சொல்லுங்க."

"மேல் நூல் மேலால இழுக்கும். பொபின்ல இரிக்கிற நூல் கீழால இழுக்கும். ரெண்டும் சரியா இழுத்தா முடிச்சு துணிக்கு நடுவுல நிக்கும், வெளியில தெரியா. கீழ் நூல் தொய்ஞ்சு போனா முடிச்சு மேல வரும், தையல் சுருங்கும்."

"அதேதான்." கிருசிகா சிரித்தாள். "உங்கட மேல் நூல் மட்டும் இழுக்குது உம்மா. கீழ் நூல் சும்மா கிடக்கு. சுருங்குறது முழங்கால்."

பிறகு செய்து காட்டினாள். கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டினாள். கதிரைக்கு முன்னால் நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளி, கதிரையின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இறங்கி எழும்பினாள்.

"இறங்கக்குள்ளயும் அதே தசைகள்தான் வேலை செய்யுது. கிணத்துக்குள்ள வாளிய மெதுவா விடுறீங்க எண்டு வைங்க. கீழ விடக்குள்ளயும் கை கயித்தப் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கும். அப்படிப் பிடிச்சுப் பிடிச்சு விடணும். சரி, இப்ப நீங்க. பின்பக்கத்தப் பின்னுக்குத் தள்ளுங்க."

றபீக்கா சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள். திரைக்கு அப்பால் அந்த மகன் "ஓம்" என்றான்.

"தள்ளுங்க உம்மா."

"ஓம் மிஸ்."

முழங்கால்களை முன்னால் விட்டு, இடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு, நேராக இறங்கினாள்.

"அப்படியில்ல. பின்னுக்கு."

"ஓம் மிஸ்."

மறுபடியும் அப்படியே இறங்கினாள். அன்று வேறு ஆட்களும் காத்திருந்தார்கள். வீட்டில் செய்து பழகச் சொல்லி அனுப்பினாள் கிருசிகா.

*

முன்னறையில் துணி கிடந்தது. குசினியில் இடமில்லை. றபீக்கா நடு அறையில் செய்தாள். வெறும் சீமெந்துத் தரையில் பாதம் வழுக்கியது என்பதால் தொழும் பாயை விரித்தாள். பின்னால் ஒரு கதிரையை வைத்து, சுவரைப் பார்த்து நின்றாள். கிருசிகா காட்டியதுபோல் கைகளை நெஞ்சில் கட்டினாள்.

சீனிமுகம்மது மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுபோய் நற்பிட்டிமுனைப் பக்கம் விற்றுவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வருகிறவர். அன்று வந்தபோது மனைவி தொழும் திசையான கிப்லாவை நோக்கிக் கைகட்டி நின்றாள். சோறு இருக்கும் குசினிக்கு அவளுக்கு முன்னால்தான் போகவேண்டும். தொழுகிறவருக்குக் குறுக்கே போகக் கூடாது. நிலையில் சாய்ந்து நின்றார்.

அவள் குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். நிமிர்ந்தாள். ஸுஜூதுக்கு இறங்கவேயில்லை. சீனிமுகம்மதுக்குப் பயம் பிடித்தது. அவருடைய மாமா ஒருவர் கடைசிக் காலத்தில் தொழுகையின் ஒழுங்கை மறந்துபோனவர்.

கடைசியில் அவள் கதிரையில் பொத்தென்று இருந்தாள்.

"றபீக்கா," என்றார் மெதுவாக. "ஸலாம் குடுத்துத் தொழுகய முடிக்காம இருந்துட்டியே புள்ள."

"எதுக்கு ஸலாம்? இது எக்சசைஸ்."

"எக்சசைஸா? கிப்லாவப் பார்த்தா?"

"சுவர் அந்தப் பக்கம்தானே இரிக்கி."

"அடி, இவ்வளவு நேரமும் பசிச்ச வயித்தோட இதில நிக்கன். மீன் எல்லாம் வித்து முடிச்சு வந்தவன், வாசல்ல நிண்டு அழுகப்போறன் எண்டு இருந்தன்."

"கூப்பிட்டிருக்கலாமே."

"தொழுற ஆளக் கூப்பிடுறதா? எந்த ஊர்ல?"

அன்றிலிருந்து அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "தொழுறியா, குந்துறியா?"

அவள் தவறாமல் செய்தாள். தவறாமல் பிழையாகச் செய்தாள். இடுப்பை உள்ளே வைத்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் எடை முழுவதும் முழங்காலின் முன்பக்கத்தில் வந்து விழுந்தது. சில வாரங்களில் முழங்கால் வீங்கியது. தைக்காவுக்கு நடப்பதே கஷ்டமாகிவிட்டது.

"மச்சி, அல்லாஹ் கதிரையச் சும்மாவா தந்திரிக்கான்?" என்றாள் சுல்பிகா. "மூலையில நல்ல காத்தும் வருது. நான் அதுல இருந்தா எழும்பவே மாட்டன்."

"நீ இருக்கிறதும் இல்ல, நிக்கிறதும் இல்ல. ஓடுற."

"ஓடினாலும் உங்களவிட முந்திச் சுவர்க்கத்துக்குப் போவன்."

றபீக்கா சிரித்தாள். வீட்டுக்கு வந்து பாயைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதற்கடுத்த தடவையும் போகவில்லை.

*

காலையில் சீனிமுகம்மது ஐஸும் மீனும் நிறைந்த பெட்டியை நிலத்திலிருந்து தூக்கி மோட்டார் சைக்கிளின் பின்னால் வைப்பார். தினமும் நடப்பது. முன்னறையில் மெஷினில் இருந்தபடியே றபீக்காவுக்கு அது தெரியும். ஆனால் அவர் குனியும்போது அவள் கண்ணைத் தையலுக்குத் திருப்பிவிடுவாள். இடுப்பில் கட்டிய சாரத்தோடு அவர் பெட்டிக்கு இறங்கும் விதம் பார்க்கக்கூடியதாக இருப்பதில்லை.

அன்று நூல் அறுந்திருந்தது. ஊசியில் கோத்துக்கொண்டு நிமிர்ந்தவள் பார்த்துவிட்டாள்.

அவர் கால்களை அகட்டி வைத்தார். இடுப்பு பின்னால் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. முதுகு ஒரு பலகையைப்போல் நேராகச் சரிந்தது. முழங்கால்கள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தன. பெட்டியைப் பிடித்தார். இடுப்பும் முழங்காலும் சேர்ந்து நிமிர்ந்தன. பெட்டி மேலே வந்தது.

அவளைவிட அவருக்கு வயது அதிகம். எடையும் அதிகம். முழங்கால் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதேயில்லை.

"இஞ்ச பாருங்க. அத இறக்கிப்போட்டு இன்னொருக்காத் தூக்குங்க."

"என்ன?"

"பெட்டிய. இறக்கித் தூக்குங்க."

"உனக்கென்ன விசரா? ஐஸ் கரையப் போகுது."

"தூக்குங்க எண்டா."

அவர் இறக்கினார். தூக்கினார்.

"இப்ப என்னத்தப் பார்க்கிற?"

"உங்கட குண்டிய."

சீனிமுகம்மது பெட்டியை வைத்துவிட்டு ஒழுங்கையின் இரு பக்கமும் பார்த்தார். "யா அல்லாஹ். பேரப்புள்ளயும் கண்டதுக்குப் பிறகா?"

அவர் போனதும் றபீக்கா கதவைச் சாத்தினாள். கதிரையை வைத்து, அதற்கு முன்னால் நின்று, அவர் செய்ததைப்போல் இடுப்பைப் பின்னால் விட்டாள்.

கொஞ்சம் போயிற்று. அந்த இடத்தில் நின்றுவிட்டது. தானாகவே உள்ளே திரும்பியது. மறுபடி செய்தாள். மறுபடியும் அதே இடத்தில் திரும்பியது. அவள் திருப்பவில்லை. நோவும் இல்லை. மூன்றாம் தரம் மிக மெதுவாகச் செய்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. இடுப்பு பின்னால் போகும்போது சட்டைத் துணி பின்பக்கத்தில் இறுகியது. துணி இறுகிய அந்தக் கணத்தில் உடம்பு ஒடுங்கிக்கொண்டது. வலது கை முதுகுப் பக்கம் போய்த் துணியை இழுத்து விட்டிருந்தது. கை போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அறையில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. இருந்தும் உடம்பு ஒடுங்கியது.

அவள் பெரியபிள்ளையானதிலிருந்து அவளுடைய உம்மா ஒரு விரலால் இடுப்பில் தட்டி, ஒடுங்கி நில்லு என்பார். தொழும்போதும் பெண்பிள்ளை உடம்பைச் சேர்த்து ஒடுக்கித் தொழவேண்டும் என்றே படித்திருந்தாள். அதன்படி நடந்த உடம்பு. பின்பக்கத்துப் பெரிய தசை இத்தனை வருடமும் நடப்பதற்கும் இருப்பதற்கும் மட்டும் கொஞ்சம் வேலை செய்துவிட்டு, எழும்பும் வேலையை முழங்காலிடம் விட்டிருந்தது.

ஒடுக்கத்தோடு வாதாட அவளுக்கு எண்ணமில்லை. அது அவளுக்குப் பிடித்தமானதுதான். ஆனால் இறுகியது துணி. துணியோடு வாதாட அவளுக்குத் தெரியும்.

சுவரோரம் இருந்ததில் மெல்லியதான, மினுங்காத கறுப்பை எடுத்தாள். தூக்கிவிடச் சீனிமுகம்மது இல்லாமல் நிலத்தில் இருந்து வெட்ட முடியாது. முதன்முதலாக மேசையில் வைத்து வெட்டினாள். தோளிலிருந்து ஒரு பட்டி. அந்தப் பட்டிக்குக் கீழே, பின்பக்கத்தில், ஆழமான மடிப்புகள். நிற்கும்போது மடிப்புகள் மூடிக்கிடக்கும், சாதாரண அபாயாபோலத் தெரியும். குனிந்தால் ஒவ்வொன்றாகத் திறக்கும். எவ்வளவு குனிந்தாலும் துணி உடம்பில் ஒட்டாமல் தோளிலிருந்து தொங்கும். ஓரம் கொஞ்சம் பிசகியது. பிரிக்கவில்லை. இது விற்பதற்கில்லை.

போட்டுக்கொண்டு கதிரைக்கு முன்னால் நின்றாள். இடுப்பைப் பின்னால் விட்டாள். துணி திறந்தது. இறுகவில்லை. இடுப்பு போய்க்கொண்டே இருந்தது. கதிரையின் விளிம்பு எதிர்பாராமல் வந்து தொட்டது. அவள் பதறி எழும்பினாள். எழும்பிய பிறகுதான் கை ஊன்றாமல் எழும்பியது தெரிந்தது.

அடுத்த நாள் காலை படுக்கையில் புரண்டபோது வலி இடம் மாறியிருந்தது.

*

"மிஸ், பின்னுக்கு நோகுது," என்றாள் ஆஸ்பத்திரியில், குரலைத் தாழ்த்தி.

"எந்த இடத்தில?"

"இருக்கிற இடத்தில. ரெண்டு பக்கமும். படியேற ஏலாம இரிக்கி."

"முழங்கால்?"

"முழங்கால்ல ஒண்டும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் கிருசிகா.

வரிசையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பாண்டிருப்புப் பிள்ளையின் வாயிலிருந்து இறைவனைப் புகழும் அந்தச் சொல் வந்த வேகம் அப்படி.

கிருசிகா மடிப்பு வைத்த அபாயாவைச் சுற்றி வந்து பார்த்தாள். குனியச் சொன்னாள். நிமிரச் சொன்னாள். மறுபடி குனியச் சொன்னாள்.

"போன மாசம் சாறியோட ஒரு அம்மா வந்தவ. அவவும் எவ்வளவு சொல்லியும் பின்னுக்குத் தள்ளல்ல. விழுந்திருவன் எண்டு பயப்படுறா எண்டு நினைச்சன். கூச்சமா இருக்கும் எண்டு நினைக்கவே இல்ல." ஒரு மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தாள். "அவ என்ர அம்மாட வயசுதான்."

"அவவ வரச் சொல்லுங்க. அளவெடுப்பம்."

"வரச் சொல்றன். முதல்ல உங்கட அலுவல். எங்க வரைக்கும் இறங்கணும்?"

றபீக்கா அதை முதன்முதலாக ஒருவரிடம் சொன்னாள். "நெத்தி நிலத்தில படணும் மிஸ். மறுகா நானா எழும்பணும்."

கிருசிகா குறிப்பு எதுவும் எழுதவில்லை. தரையில் ஒரு பாயை விரித்துத் தானே முழங்காலில் நின்றாள். "எப்படி இறங்குவீங்க, எப்படி எழும்புவீங்க எண்டு சொல்லுங்க. நான் செய்து பார்க்கிறன்."

றபீக்கா சொல்லச் சொல்ல அவள் செய்தாள். நெற்றியை வைத்தாள். எழும்பி ஒரு கணம் இருந்தாள். உள்ளங்கைகளை நிலத்தில் ஊன்றினாள். கால்விரல்களை மடித்தாள். இடுப்பைப் பின்னால் விட்டுப் பாதங்களின் மேல் எடையை ஏற்றினாள். அங்கிருந்து நிமிர்ந்தாள்.

"நல்லா யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க," என்றாள் எழும்பி நின்று. "கை தள்ளுது, அப்ப தோளும் மார்பும் வேலை செய்யுது. வயிறு இறுகுது. எடை பின்னுக்குப் போய்ப் பாதத்தில ஏறுது. அந்த இடம்தான் உங்களுக்கு வில்லங்கம். மற்றதெல்லாம் வந்திரும்."

அந்த இடத்துக்காக மாதக்கணக்கில் வேலை நடந்தது. சுவரில் கையூன்றித் தள்ளினாள். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கினாள். வெட்டு மிச்சத் துணிகளை ஒரு சாக்கில் அடைத்து அதன்மேல் இருந்து எழும்பினாள். பழகப் பழகச் சாக்கிலிருந்து துண்டுகளை எடுத்துவிட்டாள். சாக்கு தாழ்ந்தது. சில நாட்களில் எழும்ப முடியாமல் துண்டுகளை மறுபடி அடைத்தாள்.

உடம்புக்குள் யார் யார் வேலை செய்கிறார்கள் என்பது மெல்ல மெல்லத் தெரியத் தொடங்கியது. இறங்கும்போது தொடையின் முன்பக்கம் கயிற்றை விடுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. பின்பக்கம் எடையை வாங்கிக்கொண்டது. கெண்டைக்கால் பாதத்தை நிலத்தோடு அழுத்தியது. ஒருவர் சோர்ந்தால் மற்றவருக்குத் தெரிந்தது. இடுப்பின் பக்கத் தசை களைத்துவிட்டால் முழங்கால் உள்ளே சரியும், உடனே முதுகு வளையும். அப்போது நிறுத்திவிடுவாள். நிறுத்தக் கற்றதும் ஒரு முன்னேற்றம் என்றாள் கிருசிகா.

நிலத்தில் இறங்கி எழும்பவும் முடிந்தது. ஆனால் எப்போதும் முடியும் என்று நம்ப முடியவில்லை. வீட்டில் தனியே தொழும்போது சில வேளை எழும்பினாள். சில வேளை பாதத்தில் எடை ஏறும் இடத்தில் பின்னால் சரிந்து இருந்துவிடுவாள். அப்போது இருந்தபடியே தொழுது முடிப்பாள். தைக்காவில் இன்னும் மூலைதான். தனியே விழுந்தால் தனியே இருக்கலாம். நடுவில் நின்று விழுந்தால் வரிசை முழுவதும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்.

*

நோன்புக்கு முந்திய மாதம். தைக்காவில் சுவர் கழுவிப் பாய்களை வெயிலில் போட்டு எடுத்திருந்தார்கள். அஸருக்குப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். றபீக்கா மூலைக்கு நடந்தாள்.

"மச்சி, இண்டைக்கு நீங்க தொழுவியுங்க," என்றாள் சுல்பிகா. "எனக்குத் தொண்ட அடைச்சிரிக்கி."

"அஸருக்குச் சத்தமா ஓதுறதில்லையே."

"தக்பீர் சொல்லணுமே."

"இவ்வளவையும் சத்தமாத்தானே சொல்ற. தொண்டக்கு என்ன?"

சுல்பிகா நகர்ந்தாள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, பக்கத்தில் போய்த் தோளை நிமிர்த்தி நின்றாள். வரிசையில் எல்லோரும் றபீக்காவைப் பார்த்தார்கள். சுல்பிகாவின் வீட்டு ஜன்னல் றபீக்காவின் நடு அறையைப் பார்த்துத் திறப்பது என்பது இப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

அவள் இடைவெளியில் போய் நின்றாள்.

ஸுஜூதுக்கு இறங்கியபோது வெயில் பட்ட பாயின் சூடு நெற்றியில் ஏறியது. இரு பக்கமும் மூச்சுகள் ஒரே உயரத்தில் கேட்டன. அதைக் கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பாள். ஆனால் எழும்ப வேண்டும்.

உள்ளங்கைகளை ஊன்றினாள். விரல்களை மடித்தாள். அல்லாஹு என்று தொடங்கினாள். நிலத்திலிருந்து நிமிர்ந்து நிற்கும்வரை தக்பீர் நீளவேண்டும், நடுவில் அறுந்துவிடக் கூடாது. முன்பெல்லாம் அது ஒரு நொடி. இப்போது உடம்பு மெதுவாக வந்தது. குரல் உடம்புக்காகக் காத்து நீண்டது. எழும்பும்போதெல்லாம் மூச்சை அடக்குகிறவளுக்கு, குரலோடு சேர்ந்து மூச்சு வெளியே போனது. மூச்சுப் போகப் போக வயிறு உள்ளே சேர்ந்தது. முதுகு அதைப் பிடித்துக்கொண்டது. எடை பின்னால் போய்ப் பாதங்களில் ஏறியது.

அந்த இடத்தில் தொடை நடுங்கியது. வலது முழங்கால் உள்ளே சரியப் பார்த்தது. தொழுவிப்பவளுக்கு முன்னால் மற்றவர்கள் எழும்பக் கூடாது. வரிசை முழுவதும் நிலத்தில் இருந்தபடி அவளுடைய குரலின் முடிவுக்காகக் காத்திருந்தது. சுல்பிகாவும் காத்திருந்தாள்.

இடுப்பின் பக்கத்தில் ஏதோ ஒன்று இறுகியது. முழங்கால் வெளியே திரும்பி நேரானது. பின்பக்கம் தள்ளியது. தொடை தள்ளியது. அவள் நின்றாள். அக்பர் என்று முடிந்தது. வரிசை எழும்பி அவளுடைய தோளுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த எழும்புதலும் அப்படியே நீண்டது. கடைசி எழும்புதலில் ஒரு தடவை பின்னால் சரிந்தாள். கைகளை மறுபடி ஊன்றினாள். குரலை விடவில்லை. நின்றாள்.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்தது. றபீக்காவின் கழுத்தில் வியர்வை வழிந்தது.

"மச்சி," என்றாள் சுல்பிகா, "உங்கட தக்பீர் ஒண்டு முடியக்குள்ள எனக்கு வீட்டில சோறு குழைஞ்சிரிக்கும்."

"அவசரம் எண்டா எனக்கு முந்தி எழும்பு பார்ப்பம்."

"ஏலாதே. அதானே கஷ்டம்."

பெண்கள் சிரித்துக்கொண்டு எழும்பினார்கள். வரிசையின் ஓரத்தில் நின்ற ஒரு பெண் றபீக்காவைத் தூக்கிவிடக் கை நீட்டினாள். சுல்பிகா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"விடுகா. அவ வருவா."

றபீக்கா உள்ளங்கைகளை நிலத்தில் ஊன்றினாள்.